அன்னைக்கு நல்லாத்தான் பேசினார்

என் மாமனாரின் நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒரு மெஷினை வைத்துத் தைத்து அனுப்பியபோது, அது அவரைக் காப்பாற்றும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். அது யாரையும் காப்பாற்றாது என்று டாக்டர் தெளிவாகவே சொல்லியிருந்தார். "இது வேடிக்கை பார்க்கும், அவ்வளவுதான். இதயத் துடிப்பு தாறுமாறாப் போச்சுன்னா அதைப் பதிஞ்சு வச்சுக்கும்" என்றார். எங்கள் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. பயந்து கிடக்கிற மனுஷருக்கு எதைச் சொன்னாலும் பாதிதான் போய்ச் சேரும்.

கலர் செல்போன்கள் பரவ ஆரம்பித்திருந்த வருடங்கள் அவை. நாங்கள் திருநகரில் குடியிருந்தோம். நான் வாடிப்பட்டிப் பக்கத்துப் பெண். என் தாத்தா காலம் வரை எங்கள் ஆட்கள் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அப்பா தலையெடுத்துத்தான் சொந்தமாகக் கொஞ்சம் வயல் வாங்கினார், என்னையும் படிக்க வைத்தார். திருமங்கலம் தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அதே ஆபீஸில் சர்வேயராக இருந்தவரைக் கட்டிக்கொண்டேன். அவர் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் அவர்களுக்கென்று ஒரு பாஷை, வாசலைத் தாண்டினால் தமிழ். பிறந்ததிலிருந்து இரண்டும் அவர்களுக்குத் தண்ணி பட்ட பாடு. எனக்கு அந்த வீட்டுப் பாஷையில் சோறு, தண்ணீர், வா, போ என்கிற அளவுக்குமேல் ஏறவில்லை.

அத்தைக்கு என்னைப் பிடிக்கவில்லை. மறைத்து என்ன ஆகப்போகிறது? மகன் ஜாதி விட்டு ஜாதி கட்டினதே பெரிய அடி, அதிலும் எங்கள் ஜாதி என்றதும் அந்தம்மா படுத்த படுக்கையாகிவிட்டார். பிறகு எழுந்து, என்னை வீட்டுக்குள் விட்டார். ஆனால் பேச்சுக்குள் விடவில்லை. அடுப்பை அணை, பால் வாங்கு என்று கட்டளைக்கு மட்டும் தமிழ். மற்றதெல்லாம் அவர்கள் பாஷையில். நான் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன், என் தலைக்கு மேலே அம்மாவும் மகனும் மணிக்கணக்கில் பேசுவார்கள். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்களோ, ரசத்தில் உப்பைப் பற்றிப் பேசுகிறார்களோ, யார் கண்டது?

மாமா ஒருத்தர்தான் என்னிடம் எப்போதும் தமிழில் பேசுவார். விளக்குத்தூண் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் சேலை செக்ஷனில் சேல்ஸ்மேன். வெள்ளை மெத்தையில் உட்கார்ந்து, ஒரு சேலையை ஒரே வீச்சில் விரித்து, "பாருங்க தாயி, முந்தியப் பாருங்க, இதைக் கட்டிட்டு நீங்க மண்டபத்துக்குள்ள நுழைஞ்சா பொண்ணை யாரும் பார்க்க மாட்டாக" என்பார். வாங்க வராத ஆளும் வாங்கிப் போகும். "வர்ற ஆளு எதுல பேசுதோ அதுலதான் நாமளும் பேசணும், அதாம்மா மரியாதை" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். அந்த வீட்டில் நான் இரண்டு வருஷம் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததற்கு அவர் வாய்தான் காரணம்.

அந்த மனுஷர்தான் ஒரு மத்தியானம் கடையில் விரித்த சேலைகள் மேலேயே சாய்ந்தார். உடன் வேலை பார்த்தவர் போனில் என் வீட்டுக்காரரிடம் பதறினார். "தம்பி, அப்பாவுக்கு வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு, பேச்சு வரல, ஓடியாங்க!" நாங்கள் திருமங்கலத்திலிருந்து போய்ச் சேருவதற்குள் எழுந்து உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். வாயும் சரியாகிவிட்டது, பேச்சும் சரியாகிவிட்டது. "எதுக்கு ரெண்டு பேரும் லீவு போட்டு வந்தீக" என்று எங்களையே வைதார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ஒரு சின்னத் தழும்பு தெரிந்தது. ஒரு ரத்தக்கட்டி போய் அடைத்து, தானாகவே விலகியிருக்கிறது என்றார் டாக்டர். இதயம் சில நேரம் ஒழுங்கில்லாமல் படபடவென்று துடித்தால் உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டியாகும், அந்தக் கட்டி மூளைக்குப் போகும், அடுத்த தடவை விலகாமலே போகலாம் என்றார்.

"அப்படின்னா கட்டி வராம இருக்க மருந்து குடுங்க சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"இருக்கு. ரத்தம் உறையாம பார்த்துக்கிற மாத்திரை. ஆனா இவருக்கு ஏற்கெனவே வயித்துல ரத்தம் போயிருக்கே" என்றார் டாக்டர்.

போயிருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம். முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரைகளை மிட்டாய் மாதிரி முழுங்கி, குடல் புண்ணாகி, ரத்தமாக வாந்தி எடுத்தாராம். பிளாஸ்டிக் பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அத்தை. பேசின் நிறைய ரத்தம், மாமா அதன்மேல் கவிழ்ந்து கிடந்தார் என்று சொல்லும்போதெல்லாம் அந்தம்மாவுக்கு உதடு வெளுத்துப்போகும்.

ஆக இந்தப் பக்கம் போனால் ரத்தம் கட்டும், அந்தப் பக்கம் போனால் ரத்தம் கொட்டும். இதயம் தாறுமாறாகத் துடிப்பது நிச்சயமானால் துணிந்து மாத்திரை கொடுக்கலாம், சந்தேகத்துக்காகக் கொடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஈசிஜியில் ஒன்றும் இல்லை. ஒரு நாள் முழுக்க இடுப்பில் பெட்டி கட்டி அனுப்பினார்கள், அதிலும் ஒன்றும் இல்லை. அதனால்தான் அந்த மெஷின். கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. இடது நெஞ்சில் சின்னதாகக் கீறி உள்ளே சொருகி, தையல் போட்டார்கள். சில வாரத்துக்கு ஒரு தடவை போனால், கம்ப்யூட்டர் மவுஸ் மாதிரி ஒன்றை அந்த இடத்தின் மேல் வைத்து, உள்ளே பதிந்ததை வெளியே எடுப்பார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நிம்மதியாகச் சோறு இறங்கவில்லை. மாமா தும்மினால் அத்தை அடுக்களையிலிருந்து ஓடி வருவார். பாத்ரூமில் கொஞ்சம் தாமதித்தால் என் வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். நான் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது போன் மணி அடித்தால் விரல் தப்பான எழுத்தில் போய் விழும். மாமா மட்டும் கடைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். சட்டைக்குள் கையை விட்டு அந்த மேட்டைத் தடவிப் பார்த்துக்கொள்வார். "உள்ள ஒரு ஆளு உக்காந்து என்னையவே பார்த்துக்கிட்டு இருக்கான் தாயி. எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கான்னு நினைச்சாத்தான் திக்குங்குது" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் தடவை போனபோது மெஷினில் ஒன்றும் இல்லை. இரண்டாம் தடவையும் இல்லை. அத்தை திரும்பும் வழியில் கூடலழகர் கோயிலில் இறங்கி நெய் விளக்குப் போட்டார். மாத்திரை இல்லை என்பதே அந்தம்மாவுக்கு மாமா பிழைத்தார் என்கிற மாதிரி.

மூன்றாம் தடவை நாங்கள் நாலு பேரும் போயிருந்தோம். அதை வாசிக்கிற கம்ப்யூட்டரிலிருந்து நீளமாகக் காகிதம் வந்தது. டாக்டர் அதை வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரே ஒரு நாள் காலையில துடிப்பு கன்னாபின்னான்னு போயிருக்கு. கொஞ்ச நேரம்தான். அப்புறம் அதுவே அடங்கிருச்சு" என்று சொல்லி, தேதியைச் சொன்னார். காலை ஏழு மணிக்கு மேல் என்றும் சொன்னார்.

எனக்குக் கேட்ட உடனே தெரிந்துவிட்டது. அது எங்கள் கல்யாண நாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அன்னைக்குக் காலையில உங்களுக்குத் தலை சுத்துச்சா? கை விழுந்துச்சா? பேச்சு குழறுச்சா?" என்று டாக்டர் மாமாவைக் கேட்டார்.

மாமா தரையைப் பார்த்தார். "ஒண்ணும் ஞாபகம் இல்லைங்க."

"நீங்க கூட இருந்தீங்களாம்மா?" என்று அத்தையைக் கேட்டார்.

"பக்கத்துலயேதான் நின்னேன் சார். அன்னைக்கு மகனுக்குக் கல்யாண நாளு, அதனால நல்லா ஞாபகம் இருக்கு. அன்னைக்கு நல்லாத்தான் பேசினார். ஒரு கொறையும் இல்ல."

என் வீட்டுக்காரர் அன்று விடியும் முன்னேயே ஏதோ கோர்ட் கேஸுக்கு நிலம் அளக்கப் போயிருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியாது. டாக்டர் காகிதத்தை மடக்கினார். இந்தக் கொஞ்ச நேரத் துடிப்பை மட்டும் வைத்து, வயிற்றில் ரத்தம் போன ஆளுக்கு மாத்திரை ஆரம்பிக்கத் தயக்கமாக இருக்கிறது, கூடவே உடம்பில் ஏதாவது காட்டியிருந்தால் தயங்கவே மாட்டேன், இல்லை என்கிறீர்கள், அதனால் இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார். அத்தை கைகளைக் கூப்பிக்கொண்டார்.

அன்று காலையில் நடந்தது என் கண் முன்னே வந்து நின்றது.

அன்று நான் மாமா கடையிலிருந்து எடுத்து வந்திருந்த மாம்பழக் கலர் சேலையைக் கட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். அவர் சேரில் உட்கார்ந்திருந்தார், அத்தை அடுக்களை வாசலில் நின்றார். மாமா காலில் விழுந்து எழுந்தேன். போன வருஷம் வாய் நிறைய வாழ்த்தினார். அன்று என்னைப் பார்த்து அவர்கள் பாஷையில் எதையோ சொன்னார். நான் காத்திருந்தேன். மறுபடியும் அதையே அவர்கள் பாஷையில் சொன்னார். அத்தை அதே பாஷையில் ஏதோ பதில் சொல்லிவிட்டு உள்ளே போனார். மாமா கையை ஆட்டி மூன்றாம் தடவையும் என்னவோ சொன்னார். ஒரு வார்த்தை தமிழ் இல்லை.

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. ஆகா, இவரும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டார், அதுவும் இன்றைக்குப் பார்த்து, என்று நினைத்தேன். விறுவிறுவென்று ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன். சாயங்காலம் வந்தபோது, "சாப்பிட்டியா தாயி" என்று பழையபடி தமிழில் கேட்டார். கோபத்தில் "ம்" என்றேன். ஒரு வாரம் "ம்" மட்டும்தான். வெளியே சொல்லவும் வெட்கம். மாமனார் அவர் வீட்டில் அவர் பாஷையில் பேசினார் என்று யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

அவர் பேசினது அத்தைக்குக் குறையாகவே தெரிந்திருக்காது. நாள் முழுக்க அத்தை அவரிடம் கேட்பதே அந்தப் பாஷைதானே. தமிழ் காணாமல் போனால் அந்த வீட்டில் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் நான். நானோ கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டேன். இதெல்லாம் டாக்டர் காகிதத்தை மடக்குகிற நேரத்துக்குள் எனக்குள் ஓடியது. சொன்னால் மாத்திரை. மாத்திரையால் மறுபடியும் பேசின் நிறைய ரத்தம் வந்தால், அத்தை கை என் பக்கம்தான் நீளும். சொல்லாவிட்டால் இன்னொரு காலையில் அந்தக் கட்டி விலகாமல் நின்றுவிடும்.

"சார், அன்னைக்கு மாமாவுக்குத் தமிழ் வரல" என்றேன்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நடந்ததைச் சொன்னேன். நான் கோபித்துக்கொண்டதையும் சேர்த்தே சொன்னேன். சொல்லச் சொல்ல அத்தையின் முகம் சிவந்தது.

"அவரு எங்க பாஷையில பேசுறது சீக்கா?" என்று அத்தை எழுந்துவிட்டார். "சார், இவ மனசுல ஒண்ண வச்சுக்கிட்டு அதை இங்க வந்து கொட்டுறா. நான் பக்கத்துல நின்னேன். நல்லா இரு, நல்லா இருன்னு வாழ்த்துனாரு. அதுல என்ன நோவக் கண்டா இவ?"

எனக்கு அப்போதுதான் தெரியும், அன்று அவர் என்னை வாழ்த்திக்கொண்டிருந்தார் என்று.

டாக்டர் அத்தையை உட்காரச் சொன்னார். இரண்டு பாஷை பேசுகிறவர்களுக்கு ஒன்று போய் இன்னொன்று நிற்பது உண்டு, அபூர்வம், ஆனால் உண்டு என்றார். பிறகு மாமாவிடம், "இவங்க சொல்றது நெசமா? தமிழ்ல பேச நினைச்சு வராம போச்சா?" என்று கேட்டார்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. "ஞாபகம் இல்லைங்க" என்றார் மறுபடியும்.

டாக்டர் பேனாவை மூடித் திறந்தார், இதை ஒதுக்கிவிட முடியாது என்றார். பிறகு மாத்திரையை எழுதினார். வயிற்றுக்குப் பாதுகாப்பாக இன்னொரு மாத்திரையும், ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்க்க அடிக்கடி டெஸ்ட்டும். மலம் கறுத்தால், ஈறில் ரத்தம் நிற்காமல் வந்தால் உடனே ஓடி வரவேண்டும். கீரையைத் திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. முட்டிவலி மாத்திரை பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது.

காரிடாரில் அத்தை என்னை நிறுத்தினார். கட்டளை இல்லாமல் அந்தம்மா என்னிடம் நீளமாகத் தமிழில் பேசியது அதுதான் முதல் தடவை. "உன் வாயை நம்பி என் புருஷன் வயித்துல இந்த விஷத்தப் போடுறாங்க. அவருக்கு ஏதாச்சும் ஆச்சு, உன்னைய நான் சும்மா விடமாட்டேன்." உதடு வெளுத்திருந்தது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவ்வளவு பயம்.

மாத்திரை அட்டையை அத்தை கையால் தொடமாட்டேன் என்றுவிட்டார். தினமும் சாயங்காலம் அதே நேரத்துக்கு நான்தான் தண்ணீரோடு கொண்டுபோய்க் கொடுப்பேன். மருந்து கொடுக்கிறேனா, வேறெதுவும் கொடுக்கிறேனா என்று எனக்கே தெரியாது. காலையில் அவர் பல் துலக்கித் துப்புவதை எட்டிப் பார்ப்பேன். பாத்ரூம் போய் வந்தால் வெட்கத்தை விட்டுக் கேட்பேன், "கறுப்பா இருந்துச்சா மாமா?" பாவம், அவர் கூசிப்போய் இல்லை என்று தலையாட்டுவார். ஷேவிங் செய்யும்போது தாடையில் ஒரு கீறல் விழுந்து, பஞ்சு மேல் பஞ்சாக மாற்றியும் கசிந்துகொண்டே இருந்தது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பஞ்சை எடுத்து என் கண்ணில் படும்படி மேஜைமேல் வைத்தார், அவ்வளவுதான்.

ஒரு நாள் அவர் தும்மியபோது மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. வெள்ளைத் துண்டு சிவந்து போயிற்று. அத்தை "ஐயோ, பேசினு, பேசினு" என்று கத்திக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ பிடித்து ஓடினோம். டெஸ்ட்டில் ரத்தம் தேவைக்குமேல் இளகியிருந்தது. மாத்திரையின் அளவைக் குறைத்தார்கள், ரத்தம் நின்றது. உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் ஆட்டோவில் திரும்பும்போது அத்தை என் பக்கத்தில் உட்கார மறுத்து, மகனை நடுவில் உட்கார வைத்தார்.

அன்று என் வீட்டுக்காரர் என்னை மாடிக்கு அழைத்துப் போனார். துணி காயப்போட்ட கொடியைப் பிடித்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "கோவிச்சுக்காத. அன்னைக்கு நெசமாவே அப்பாவுக்குத் தமிழ் வரலையா? இல்ல, அவரு ஏதோ ஞாபகத்துல எங்க பாஷையில பேசிட்டாரு, நீ கோவத்துல அப்படி நினைச்சுக்கிட்டியா?"

"நான் பொய் சொல்றேன்கிறீங்களா?" என்று பாய்ந்தேன்.

"பொய்ன்னு சொல்லல."

பாய்ந்தேனே தவிர, அவர் இறங்கிப் போனதும் எனக்கே சந்தேகம் வந்தது. நெசம்தானா? எனக்கு எப்படித் தெரியும்? ஒரு மனுஷன் பேச முடியாமல் பேசவில்லையா, பேச வேண்டாம் என்று பேசவில்லையா என்பதை முகத்தை வைத்து நான் கண்டேனா? அன்று நான் அவர் முகத்தையே சரியாகப் பார்க்கவில்லை, என் கோபத்தைத்தான் பார்த்தேன். டாக்டர் ரூமில் எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்? ஒரு வேளை எல்லாமே நானாகக் கட்டினதாக இருந்தால், இந்த மனுஷர் ரத்தம் சிந்துவது என் கற்பனைக்காக. அதற்கடுத்த நாட்களில் மாத்திரையை அட்டையிலிருந்து பிரிக்கும்போதெல்லாம் இதே நினைப்புதான். ஆபீஸில் ஒரே கடிதத்தைத் திரும்பத் திரும்ப அடித்தேன்.

தாங்க முடியாமல் போன ஒரு சாயங்காலம் மாமாவிடமே கேட்டுவிட்டேன். அவர் ஹாலில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் டம்ளரையும் மாத்திரையையும் பக்கத்தில் வைத்துவிட்டு, எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"மாமா, இதை உங்களுக்குக் குடுக்க எனக்குப் பயமா இருக்கு. அன்னைக்கு உங்களுக்குத் தமிழ் வரலையா, இல்ல நானாத்தான் சொல்லிட்டேனா? ஞாபகம் இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. எனக்குத் தெரியணும்."

அவர் கையிலிருந்த சேலையை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"வரல தாயி" என்றார்.

"என்னது?"

"தமிழ் வரல. நல்லா இருன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன், எங்க பாஷையில வந்துச்சு. சரி, தமிழ்ல சொல்லுவோம்னு பார்த்தா, தமிழே இல்ல. கடையில அலமாரியத் தொறந்தா ஒரு சேலைகூட இல்லாம வெறுசா இருந்தா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு. நீ சொன்னதெல்லாம் நெசம்."

"அப்ப டாக்டர் கேட்டாரே? ரெண்டு தரம் கேட்டாரே?"

"கேட்டாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சொன்னா மாத்திரை குடுப்பாரு. உங்க அத்தை அந்த ரத்தத்தப் பார்த்து அம்புட்டு பயந்தவ, மறுபடியும் அவளப் பயமுறுத்தணுமா? கடையிலயும் தெரிஞ்சு போகும். திடுதிப்புன்னு பேச்சு போற ஆள யாரு சேலை விக்க வச்சுக்குவா? ஒரு தரம்தானே, போயிருச்சு, இனி வராதுன்னு இருந்துட்டேன்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. மாமனார் என்றுகூடப் பார்க்கவில்லை. "நல்லா இருக்கு மாமா நீங்க செஞ்சது! எல்லாரும் என்னைப் பொய்க்காரின்னு பார்த்தாங்க. உங்க மகனே கேட்டாரு. நீங்க தரையப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா இன்னைக்கு நீங்க என்ன ஆகியிருப்பீங்க?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன்.

அவர் குனிந்தபடியே கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நீ கோவிச்சுக்கிட்டுக் கதவச் சாத்துனப்ப, நான் பின்னாடியே வந்து கதவுகிட்ட நின்னேன் தாயி. உன்னையக் கூப்பிடணும், எனக்கு என்னமோ ஆகுதுன்னு சொல்லணும். கூப்பிடத்தான் ஒரு வார்த்தை இல்ல. உன் பேரும் வரல."

கதவுக்கு அந்தப் பக்கம் இவர், இந்தப் பக்கம் நான். நான் அழுதுகொண்டிருந்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும்.

அடுக்களையில் பாத்திரம் கழுவும் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் அத்தை ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருந்தார். மாமாவைப் பார்த்து அவர்கள் பாஷையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவர் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். அத்தை வந்து தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நெற்றியில் கை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"எத்தனை வருசம் இவரு கூட இருக்கேன். பக்கத்துல நின்னேன், இந்தக் காதால கேட்டேன், நல்லாத்தான் பேசுறாருன்னு உள்ள போயி சட்னி தாளிச்சேன்." என்னிடம்தான் சொன்னார், தமிழில். "இனிமே இவரு எங்கிட்ட நல்லாப் பேசினா அதை வச்சு எனக்கு எதுவும் தெரியாதுடி. காலையில எந்திரிச்சதும் இவரு மொதல்ல உங்கிட்டத்தான் தமிழ்ல பேசணும். நீ கேட்டுட்டு எங்கிட்டச் சொல்லு."

மாத்திரையை எடுத்து மாமா கையில் வைத்தவர் அத்தைதான்.

மறுநாளிலிருந்து அப்படித்தான். மாமா முகம் கழுவிவிட்டு அடுக்களைப் பக்கம் வருகிற செருப்புச் சத்தம் கேட்டதும் அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்க ஆரம்பிப்பார், நான் அடுப்பைச் சின்னதாக்குவேன். சில நாள் அவர் வாசலில் வந்து நின்று துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டே இருப்பார், வாயைத் திறக்க மாட்டார். அத்தை என் கையைப் பிடித்துக்கொள்வார். அவர் துண்டை எடுத்துவிட்டு ஏதாவது ஒன்றைத் தமிழில் சொல்லும் வரை நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடுவதில்லை.